மல்கியா 3:10 வராத அட்டவணை: ஒரு பயனாளரின் விமர்சனம்

ஞாயிறு ஆராதனைக்கு முறைத்தாள் அடிப்பது என் வேலை. நான் பிரசங்கிப்பதில்லை, பாடகர் குழுவில் இல்லை, கமிட்டி எதிலும் இல்லை. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்த ஜெபம், யார் எந்தப் பாடத்தை வாசிக்கிறார் என்பதெல்லாம் என் கீபோர்டைத் தாண்டித்தான் சபைக்குப் போகிறது. அந்த வேலையில் வாராவாரம் நான் கையில் எடுக்கும் பொருள், ரிவைஸ்டு காமன் லெக்ஷனரி என்கிற வேதபாட அட்டவணை. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று, தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இல்லையென்றால் 'மனுஷர் போட்ட முறை' என்று பெயரைக் கேட்டதுமே தள்ளிவிடுகிறார்கள். ஒரு கருவியாக இது எப்படி உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று யாரும் சொல்லக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் நான்கு பாடங்கள்: பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம் (அப்போஸ்தலர் எழுதிய கடிதம்), சுவிசேஷம். மூன்று வருடச் சுற்று. ஏ வருடம் மத்தேயு, பி வருடம் மாற்கு, சி வருடம் லூக்கா. யோவானுக்குத் தனி வருடம் கிடையாது. லெந்து என்கிற தவக்காலத்திலும், உயிர்த்தெழுதல் காலத்திலும், சுவிசேஷங்களில் சிறியதான மாற்குவின் வருடத்தில் விழும் இடைவெளியிலும் அவரைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். 1969ல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை கொண்டுவந்த மூன்று வருட வாசக முறைதான் இதற்கு மூலம். வேறு பல சபைகள் அதைத் தழுவி 1983ல் ஒரு பொது அட்டவணையைச் சோதித்துப் பார்த்தன. திருத்திய வடிவம் 1992ல் வந்தது. புத்தகமாகவும் கிடைக்கிறது, இணையத்திலும் இருக்கிறது. வசனங்கள் முழுசாக இல்லாமல் எண்கள் மட்டும் இருக்கிற பட்டியலே எனக்குப் போதும்.

முதல் நன்மையைச் சொல்வதற்கு முன் ஒரு போதகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் எந்த வசனத்தை எடுத்தாலும் கடைசியில் தசமபாகத்தில், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதில், வந்து முடிப்பார். நோவாவின் பேழையிலிருந்துகூட அங்கே போக அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. பாடத்தை அவரே தேர்ந்தெடுத்த சபை அது. தசமபாகங்களையெல்லாம் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10 அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இந்த அட்டவணையை முதன்முதலில் முழுக்கப் புரட்டியபோது நான் மல்கியாவைத்தான் தேடினேன். 3ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்கள் இருக்கின்றன, 4ஆம் அதிகாரத்தின் தொடக்கம் இருக்கிறது. 3:10 மூன்று வருடத்தில் எந்த ஞாயிற்றிலும் இல்லை. தசமபாகம் தப்பு என்று நான் சொல்லவில்லை, சபைக்கும் கரண்ட் பில் வருகிறது. ஆனால் ஒரே ஆளின் ஒரே கவலை ஒரு சபை முழுக்கவும் வருடக்கணக்கில் கேட்கும் வேதமாகிவிடக் கூடாது. அந்த விஷயத்தில் இந்தப் பட்டியல் நன்றாக வேலை செய்கிறது. அறையில் இருக்கிற யாரும் தேர்ந்தெடுக்காத பாடம் என்பதால் "இன்றைக்கு என்னைக் குத்திப் பேசத்தான் இதை எடுத்தார்" என்று யாரும் முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதும் இல்லை. இந்த இரண்டாவது பலன் சபை அரசியல் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

அடுத்தது, யாரும் தானாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்கிற பாடங்கள். மத்தேயு வருடத்தில் கிறிஸ்துமஸ் முடிந்து வருகிற முதல் ஞாயிற்றின் சுவிசேஷம் எது தெரியுமா? மத்தேயு 2:13 முதல் 23 வரை. ஏரோது குழந்தைகளைக் கொல்லுகிறான், ராகேல் தேற்றரவு வேண்டாம் என்று அழுகிறாள். நட்சத்திரமும் தோரணமும் இன்னும் கழற்றாத ஆலயத்தில் இதை வாசிக்க வேண்டும். விருப்பப்படி விட்டால் அன்றைக்கு இதை எடுக்க எந்தப் பிரசங்கியார் துணிவார்? அதேபோல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. எல்லாரும் மாட்டுத்தொழுவத்தை எதிர்பார்த்து வருவார்கள். அட்டவணையோ மூன்று வருடமும் உலகத்தின் முடிவைத்தான் கொடுக்கிறது: மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21. பாலனுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது, பொறு என்கிறது. எனக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்கும். பாடகர் குழுவுக்குப் பிடிக்காது.

உயிர்த்தெழுதலுக்கு அடுத்த ஞாயிறும் இப்படித்தான். மூன்று வருடமும் ஒரே பாடம், யோவான் 20:19 முதல் 31 வரை. பண்டிகைக்கு வந்த கூட்டம் கரைந்து, வழக்கமான முகங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது, தோமா வந்து நின்று 'பார்த்தால்தான் நம்புவேன்' என்கிறான். போன வாரம் உரக்க அல்லேலூயா சொல்லிவிட்டு இந்த வாரம் உள்ளுக்குள் சந்தேகத்தோடு வந்திருக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. அதை யாரும் அவருக்காகப் பார்த்து வைக்கவில்லை. அட்டவணையில் அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனும் எனக்குப் பிடித்த நாள். நெற்றியில் சாம்பல் பூசுகிற அதே ஆராதனையில் "உன் முகத்தைக் கழுவு" என்று மத்தேயு 6 வாசிக்கப்படும். இந்த முரணைத் தெரிந்தே வைத்தார்களா என்று ஒவ்வொரு வருடமும் யோசிப்பேன். பூசுகிறவரும் பூசிக்கொள்கிறவரும் நெளிவதைப் பார்த்தால் வைத்தது நல்லதுக்குத்தான் என்று தோன்றும்.

'ஆவியானவரை அட்டவணைக்குள் அடைக்கலாமா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். ஆனால் அவர்கள் கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். வேகமான பாட்டு, அதன் பின் மெதுவான பாட்டு, கண்ணை மூடச் சொல்வது, சாட்சி, காணிக்கை, நீண்ட பிரசங்கம், முன்னே வர அழைப்பு. வாராவாரம் அதே வரிசை, ஒன்றுகூட இடம் மாறுவதில்லை. அங்கேயும் முறை இருக்கிறது, தாளில் அடித்துக் கொடுக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். அதனால் புதிதாக வந்தவருக்கு எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியாது. காது கேட்காதவருக்கு அடுத்தது என்ன என்று தெரியாது. என் தாளை மடியில் வைத்து விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே ஆராதனை முழுக்கக் கலந்துகொள்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். 'முறை ஆவியைக் கொல்லும்' என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பவுலை இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் இழுக்கும். "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்ற 1 கொரிந்தியர் 14:40ஐ முறைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அதே அதிகாரத்தின் 26ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் படம் வேறு. ஒருவன் சங்கீதத்தோடு வருகிறான், ஒருவன் போதகத்தோடு, ஒருவன் அந்நிய பாஷையோடு. யாரையும் வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று பவுல் அங்கே தொடங்கவில்லை. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக. உட்கார்ந்திருக்கிற இன்னொருவனுக்கு ஏதாவது வெளிப்பட்டால் பேசிக்கொண்டிருப்பவன் நிறுத்தட்டும். அதாவது சத்தமாகப் பேசத் தெரிந்தவனே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்ளாதபடி எல்லாருக்கும் முறை வைத்துக் கொடுக்கிறார். முறைத்தாளைப் பற்றி நான் நினைப்பதும் இதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வளவு மேற்கோள் காட்டப்படும் இந்த 14ஆம் அதிகாரம் ரிவைஸ்டு காமன் லெக்ஷனரியில் இல்லவே இல்லை. சி வருடத்தில் 12ஆம் அதிகாரம், பிறகு 13, அடுத்த வாரம் தாவி 15. ஆராதனை ஒழுங்கைப் பற்றிய அதிகாரத்தை ஆராதனை ஒழுங்குப் பட்டியல் விட்டுவிட்டது.

ஆதித் திருச்சபையின் எழுத்தாளரான ஜஸ்டின் மார்ட்டர் ஏறக்குறைய கி.பி. 155ல் எழுதிய ஞாயிறு ஆராதனை விவரிப்பும் எனக்குப் பிடிக்கும். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கிற வரைக்கும் வாசிக்கப்படும். பிறகு தலைவர் அதைக் கொண்டு புத்தி சொல்வார், எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள், அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும், தலைவர் தம்மால் இயன்றவரை ஜெபங்களையும் ஸ்தோத்திரங்களையும் ஏறெடுப்பார், ஜனங்கள் ஆமென் சொல்வார்கள். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர் எடுத்துக்கொண்டு போவார்கள், காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் போகும். வரிசை தெளிவாக இருக்கிறது. அதற்குள்ளேயே 'தம்மால் இயன்றவரை' என்று தலைவருக்குச் சொந்த வார்த்தைக்கும் இடம் இருக்கிறது. இன்றைக்கு என் தாளில் நான் அடிக்கும் வரிசையை ஜஸ்டின் பார்த்தால் பெரிதாகத் திகைக்க மாட்டார். அறிவிப்புகளின் நீளத்தைப் பார்த்து வேண்டுமானால் திகைப்பார்.

இனி குறைகள். இதைத்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன்.

சின்ன எரிச்சல்கள் முதலில். ஒரே ஞாயிற்றை ஒரு பிரசுரம் ப்ராப்பர் 12 என்கிறது, இன்னொன்று பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு என்கிறது, மூன்றாவது பெந்தெகொஸ்தேக்குப் பின் இத்தனையாவது ஞாயிறு என்கிறது. பெந்தெகொஸ்தே உயிர்த்தெழுதலுக்கு ஏழு வாரம் கழித்து வருவது, உயிர்த்தெழுதல் பண்டிகையோ மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழும் என்பதால் இந்த மூன்றாவது எண் வருடத்துக்கு வருடம் மாறும். போன சுற்றின் தாளை அப்படியே காப்பி அடிக்கலாம் என்று பார்த்தால் நடக்காது. பெந்தெகொஸ்தேக்குப் பின் பழைய ஏற்பாட்டுக்கு இரண்டு தடங்கள் வேறு: ஒன்று கதையைத் தொடர்ச்சியாகச் சொல்லிக்கொண்டே போகும், மற்றது அன்றைய சுவிசேஷத்தோடு ஒத்துப்போகும். நடுவில் தடம் மாறுகிற போதகர்களால் என் சனிக்கிழமை கெட்டுப்போகும். தொடர்ச்சித் தடத்தையே எடுங்கள் என்பேன். ஏ வருடத்தில் ஆகாரும் இஸ்மவேலும் வனாந்தரத்தில் தண்ணீரில்லாமல் தவிக்கிற ஆதியாகமம் 21 ஒரு வாரம், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்துகிற 22 அடுத்த வாரம். ஆபிரகாமின் இரண்டு பிள்ளைகளும் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்புவதை அடுத்தடுத்து கேட்டால்தான் அந்தக் கதையின் பயங்கரம் தெரியும்.

அரை வசனங்கள் இன்னொரு தொல்லை. பெந்தெகொஸ்தே நாளின் சங்கீதம் 104:24-34, 35ஆ. 'ஆ' என்றால் அந்த வசனத்தின் பின்பாதி. வாசிக்கிறவர் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 'ஆ' எங்கே என்று தேடுவார், பிறகு முழு வசனத்தையும் வாசித்துவிடுவார். விடுபட்ட முன்பாதி எது? பாவிகள் பூமியிலிருந்து ஒழிந்துபோகட்டும் என்பது. திருநாளில் அது வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். சங்கீதம் 139ம் அப்படியே. என்னை ஆராய்ந்து அறிந்திருக்கிறீர் என்பது வரும், தாயின் கர்ப்பத்தில் உருவாக்கினீர் என்பது வரும், துன்மார்க்கரைக் கொன்றுபோடும் என்று தாவீது பல்லைக் கடிக்கிற 19 முதல் 22 வரை வராது. சங்கீதம் 88 ஞாயிற்றுப் பட்டியலில் அடியோடு இல்லை. நம்பிக்கையின் ஒரு கீற்றும் இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. துக்க வீட்டிலிருந்து நேராக ஆலயத்துக்கு வந்து உட்காருகிறவர்களுக்கு அதுதான் பேசும். எனக்குப் பேசியிருக்கிறது.

வெட்டுவதெல்லாம் தப்பு என்றும் சொல்ல முடியாது. சி வருடத்தின் ஒரு ஞாயிற்றில் நெகேமியா 8ம் லூக்கா 4ம் சேர்ந்து வரும். பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த ஜோடி. ஒன்றில் எஸ்றா புஸ்தகத்தைத் திறக்க ஜனங்களெல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், மற்றதில் இயேசுவிடம் ஏசாயாவின் புஸ்தகம் கொடுக்கப்படுகிறது. கையில் வந்த புஸ்தகம் அவர் கேட்டு வாங்கியது என்று லூக்கா சொல்லவில்லை. இடத்தை அவரே கண்டெடுத்தார். அவர் வாசித்தபோது ஏசாயா 61:2ஐ நடுவிலேயே நிறுத்துகிறார், அநுக்கிரக வருஷத்தோடு. அதற்கடுத்து வருகிற நீதியைச் சரிக்கட்டும் நாளை அவர் வாசிக்கவில்லை. ஆகவே அரை வசனத்துக்கு மேலிடத்து முன்மாதிரி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். நெகேமியாவில் 4ஆம் வசனத்தை விட்டிருப்பதும் மத்தித்தியா, செமா, அனாயா என்று நீளும் பெயர் வரிசைக்காகத்தான் இருக்கும். வாசிக்கிறவர் பிழைத்தார். ஆனால் எஸ்றா நின்ற மரத்தாலான பீடமும் அந்த வசனத்தில்தான் இருக்கிறது. பெயர்களோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

என்னால் மன்னிக்க முடியாத வெட்டு பி வருடத்தில், தாவீதின் கதையில் இருக்கிறது. ஒரு வாரம் 2 சாமுவேல் 11, இன்னொருவன் மனைவியான பத்சேபாளைத் தாவீது எடுத்துக்கொண்ட கதை. அடுத்த வாரம் தீர்க்கதரிசி நாத்தான் வந்து நிற்கிறான். பாடம் 12:13ன் முன்பாதியில், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று தாவீது சொன்ன இடத்தில் நிற்கும். நாத்தானின் பதில் வராது. அதற்கு மறுமொழியாக சபையே 51ஆம் சங்கீதத்தைச் சொல்லும். இது அருமையான வெட்டு. தாவீதின் வாக்குமூலத்தை நம் வாயில் வைக்கிறது. ஆனால் அதற்கடுத்த வாரம் நேராக 18ஆம் அதிகாரம், கர்வாலி மரத்தில் மாட்டிக்கொண்ட அப்சலோம், "என் மகனாகிய அப்சலோமே" என்று தாவீதின் அழுகை. நடுவில் இருந்த தாமார், தாவீதின் மகள், எங்கே? தாவீதின் இன்னொரு மகன் அம்னோன் அவளைக் கெடுத்ததும், தாவீது கோபப்பட்டு ஒன்றும் செய்யாமல் விட்டதும், அப்சலோம் ஏன் கலகக்காரனானான் என்பதும் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது பட்டியலில் எங்குமே இல்லை. அப்பாவின் கண்ணீரைக் கேட்கிற சபை மகளின் கண்ணீரைக் கேட்பதே இல்லை. இந்த மூன்று ஞாயிறுகள் வரும்போது நான் தாளின் கடைசியில், அறிவிப்புகளுக்கு மேலே, "வீட்டில் வாசிக்க: 2 சாமுவேல் 13" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

நியாயாதிபதிகள் புத்தகத்துக்கு மூன்று வருடத்தில் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு, 4:1-7. தெபொராள் பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறாள், பாராக்கை அழைக்கிறாள், முடிந்தது. எதிரியின் படைத்தலைவனைக் கொல்ல யாகேல் என்கிற பெண் கூடார ஆணியை எடுப்பதற்குள் பாடம் நின்றுவிடும். ஒபதியாவுக்கும் நாகூமுக்கும் அந்த ஒரு ஞாயிறும் இல்லை.

இவ்வளவு குறை சொல்லியும் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். இந்தக் குறைகளை நான் கண்டுபிடிக்க முடிந்ததே எண்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதால்தான். எது வாசிக்கப்படுகிறது, எது விடப்படுகிறது என்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். தன் விருப்பப்படி பாடம் எடுக்கிற போதகர் எதை வருடக்கணக்கில் தொடாமல் விட்டார் என்று அவருக்கே தெரியாது. தசமபாகப் போதகரின் சபையிலும் தாமார் வரவில்லை. அங்கே அதைக் காட்ட ஒரு பட்டியல்கூட இல்லை.

யாருக்கு ஒத்துவராது? ஒரே புத்தகத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வரை வாராவாரம் விளக்கிப் போகிற சபைக்கு இது துண்டு துண்டாகத் தெரியும். அவர்கள் முறை அவர்களுக்குப் போதும். திடீரென்று ஊரே அழுகிற ஒரு நிகழ்வு நடந்தால் அட்டவணையை மூடிவைக்கிற தைரியம் இல்லாதவர்களுக்கும் வேண்டாம். மற்றவர்கள் முயன்று பார்க்கலாம்.

தொடங்குவதானால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றில் தொடங்குங்கள், வருடம் அங்கேதான் பிறக்கிறது. எந்த வருடம் என்று குழப்பம் வந்தால், அந்தக் காலத்தைத் தொடர்ந்து வருகிற ஜனவரியின் ஆண்டை மூன்றால் வகுத்துப் பாருங்கள்: மீதி ஒன்று என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மீதி இல்லையென்றால் சி. 2025 சி, 2026 ஏ. பி வருடத்தின் ஜூலைக் கடைசியில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். மாற்குவில் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுக்கிற இடத்தை வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாக யோவான் 6ஆம் அதிகாரத்தை ஐந்து ஞாயிற்றுக்குப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அப்பம், மறுபடி அப்பம், அதற்கும் அடுத்த வாரம் அப்பம். மூன்றாவது வாரத்தில் போதகர் யாரிடம் கோபப்படுவார் என்றால், அட்டவணை போட்டவர்களிடம் அல்ல, முறைத்தாள் அடிக்கிறவரிடம்.